தரையைத் தொடும் ஜன்னல்

போன வாரம் ஜன்னலம்மாவை ஒரு கையில் போனோடும் மறு கையில் கத்தரிக்கோலோடும் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், கை வலித்திருக்கும்.

போனில் பேசியவர் பில்டர் ஆபீஸ் மேனேஜர். "கம்பி ஏறிடுச்சும்மா, சிமெண்ட் ஏறிடுச்சு, கூலி ஏறிடுச்சு. எங்க கையில என்ன இருக்கு?" என்று தேன் தடவிப் பேசினார். ஒப்பந்தத்தில் எழுதிய விலைக்கு மேல் ஒரு பெரிய தொகை கேட்டார். சம்மதம் என்றால் புது விலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கட்டிய முன்பணத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். வியாழக்கிழமை சாயங்காலம் வரைதான் கெடு.

இன்றுதான் அந்த வியாழக்கிழமை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜன்னலம்மா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் திரைச்சீலை தைத்து விற்பவள். பஸ்ஸில் போனாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போனாலும் சரி, அவள் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். கல்யாணமான புதிதில் புருஷன் கிண்டலாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக், அதனால் அவர் லிஃப்ட்காரர். கொழுந்தன் எலக்ட்ரீஷியன், அதனால் அவன் கரண்ட். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்கியதில்லை.

காலையில் லிஃப்ட்காரர் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"விட்டுடலாம்."

"எதை?"

"வீட்டைத்தான். கட்டின பணத்தை வாங்கிட்டு ஒதுங்கிடலாம்."

"பூச்சு வேலை முடிஞ்சாச்சு. கதவு மாட்டியாச்சு. ஒயரிங் மட்டும்தான் பாக்கி. சுவத்துக்குள்ள போய் உட்கார்ந்துட்ட கம்பிக்கு இப்ப எப்படிங்க விலை ஏறும்? உள்ள இருந்தபடியே குட்டி போடுதா?"

வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். இன்று இரண்டாவது ஷூவை எடுத்தார்.

"எழுதிக் கொடுத்த விலை எழுதிக் கொடுத்ததுதானே? நேர்ல போய் அந்த மேனேஜரை நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேளுங்க."

"கேட்டு?"

அந்த ஒரு சொல் ஜன்னலம்மாவுக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் சில்லறை பாக்கி என்றால் கடைசி நிறுத்தம் வரை கண்டக்டரை விடாத மனுஷன் இவர். சொந்த வீடு கை நழுவும்போது "கேட்டு?" என்கிறார். நெருப்பில்லாமல் புகையுமா?

புகை இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாக அவர் சட்டையில் எண்ணெய்க் கறை இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் கருப்புக் கறையோடு மல்லுக்கட்டியே அவள் கை தேய்ந்திருக்கிறது. இப்போதோ வெள்ளை வெள்ளையாகத் தூசி. கேட்டதற்கு, "புதுக் கட்டடத்துல லிஃப்ட் மாட்டுறோம்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கரண்டும் ஒரு பக்கம் தினமும் போன் செய்து, "எப்படியாவது பணத்தைப் புரட்டிக் கட்டிடுங்க அண்ணி" என்கிறான். அவனுக்கு அந்த பில்டரிடம்தான் ஒயரிங் வேலை. வீட்டை இவர்களுக்குக் காட்டியதே அவன்தான். அண்ணன் பிள்ளையைக் கிள்ள, தம்பி தொட்டிலை ஆட்டுகிறானோ என்று நேற்று முழுக்க யோசித்து அவளுக்குத் தலைவலிதான் மிச்சம்.

லிஃப்ட்காரர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டார். மஞ்சள் துணியில் நீலக் குடைகள் போட்ட உறை. யாரோ ஒரு கஸ்டமர் வீட்டுக் குழந்தைகள் அறைத் திரையில் மிஞ்சிய துணியில் அவளே தைத்தது. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று.

"சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க. இன்னிக்கு முடிவு சொல்லணும்."

"முடிவுதான் சொல்லிட்டேனே" என்று படியிறங்கினார்.

அவள் திரும்பித் தன் தையல் மிஷினைப் பார்த்தாள். இந்த வாடகை வீட்டில் அதற்குக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் இடம். யாராவது குளிக்கப் போனால் அவள் எழுந்து நாற்காலியை நகர்த்த வேண்டும். நடுப்பகலிலும் டியூப்லைட் வேண்டும். கடையில் துணி காட்ட மட்டுமே இடம், தைப்பதெல்லாம் இங்கேதான். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டே வருகிறார்.

அதனால்தான் புது வீட்டில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். முன்னறை ஜன்னல் கிட்டத்தட்டத் தரையைத் தொட வேண்டும், கீழே ஒரு ஆள் உட்காரத் திட்டு வேண்டும். மிஷினைப் போட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம் இருக்கும். ஒரே அச்சில் வார்த்த அந்த வீட்டு வரிசையில் அப்படி ஒரு ஜன்னல் அவளுக்கு மட்டும்தான். ஊரார் ஜன்னலுக்கெல்லாம் அழகு பார்த்தவள் தனக்கென்று ஆசைப்பட்ட முதல் ஜன்னல்.

*

வெயில் ஏறிய நேரத்தில் கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். தோளில் பெரிய கைப்பை, முகத்தில் புது வீட்டுக்காரர்களுக்கே உரிய களை.

"எல்லா ஜன்னலுக்கும் ஸ்க்ரீன் தைக்கணும். அடுத்த வாரம் வீடு கைக்கு வந்துடும்."

"ரொம்ப சந்தோஷம். உட்காருங்க." ஜன்னலம்மா துணி மாதிரிகளை விரித்தாள்.

"மத்ததெல்லாம் சாதாரண ஜன்னல்தான். ஹால்ல ஒண்ணு இருக்கு பாருங்க, எந்தப் புண்ணியவதி கேட்டு வச்சாளோ, தரையையே தொடுது! ரோட்டுல போறவனுக்கு நம்ம கால் கட்டைவிரல் வரைக்கும் தெரியும். அதுக்கு மட்டும் நல்லா தடிமனா, வெளிச்சமே வராத மாதிரி போட்டு மூடிடுங்க."

ஜன்னலம்மாவின் கை துணி மேலேயே நின்றது.

"அகலம் ஏழே கால் அடியா?"

"அட!" அந்தப் பெண்மணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நான் இன்னும் சொல்லவே இல்லையே, எப்படிங்க?"

"தொழிலாச்சே" என்றாள் ஜன்னலம்மா. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "எங்க இருக்கு வீடு?"

இடத்தைச் சொன்னார். வரிசையில் எத்தனையாவது வீடு என்றும் சொன்னார். சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

"அதுல முன்னாடியே யாரோ இருக்கிறதா கேள்விப்பட்டேனே?"

"இருந்தாங்களாம். பணம் கட்ட முடியாம விட்டுட்டாங்களாம். நாங்க கூடுதலா கொடுத்து எடுக்கிறோம். போன மாசமே பேசி முடிச்சாச்சு. என் வீட்டுக்காரர்தான் மேனேஜரோட போய்ப் பார்த்துட்டு போட்டோ அனுப்பினார். நான் இன்னும் நேர்ல பார்க்கலை."

போன மாசமே! விலை ஏறிய சேதி இவளுக்கு வந்தது போன வாரம். அப்படியானால் கம்பியும் ஏறவில்லை, சிமெண்டும் ஏறவில்லை. கூடக் கொடுக்க ஆள் கிடைத்ததும், ஏற்கெனவே இருக்கிறவர்களைத் துரத்த விலையை ஏற்றியிருக்கிறார்கள். அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்மணி போனை நீட்டினார். படத்தில் அவளுடைய ஜன்னல், முழு வெளிச்சத்தோடு. கீழே திட்டு. திட்டின் ஓரத்தில் ஒரு பாட்டில். மஞ்சள் உறை, நீலக் குடைகள்.

"இதை என் நம்பருக்கு அனுப்பிடுங்க" என்றாள் ஜன்னலம்மா. "அளவு பார்க்க வசதியா இருக்கும்."

"அட்வான்ஸ் எவ்வளவு?"

"இப்ப வேண்டாம்."

அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரியை அந்தப் பெண்மணி அன்றுதான் பார்த்திருப்பார். அவர் படியிறங்கியதும் ஜன்னலம்மா கடை ஷட்டரைப் பாதியில் இழுத்துவிட்டு, பூட்டைத் தேடினாள்.

கரண்ட்தான். வேறு யார்? அந்த வீட்டுக்குள் போக வர இருப்பவன் அவன் ஒருவன்தான். கூட நின்று வீட்டைக் காட்டியிருக்கிறான். கமிஷனும் பேசியிருப்பான். "கட்டிடுங்க அண்ணி, கட்டிடுங்க அண்ணி" என்றதெல்லாம் வெறும் வாய்ப்பந்தல். ஷேர் ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவனைக் கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் கூர் தீட்டிக்கொண்டே போனாள். உண்மையைச் சொன்னால், அது கரண்டாகவே இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

*

புது வீட்டில் கரண்ட் ஏணி மேல் நின்று சுவர்க் குழாய்க்குள் வயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி! செருப்பைக் கழட்டாதீங்க, ஆணி கிடக்கு."

"கீழ இறங்கு."

அவள் குரலில் என்ன இருந்ததோ, வயரை விட்டுவிட்டு இறங்கினான்.

"என் வீட்டை யாருக்குக் காட்டின?"

"என்ன சொல்றீங்க? நான் வயர் இழுக்கிறவன் அண்ணி. ஆள் கூட்டிட்டு வர்றது போறதெல்லாம் ஆபீஸ் வேலை. போன மாசம் முழுக்க நான் எதிர் வரிசையில இருந்தேன். இங்க வந்தே நாலு நாள்தான் ஆகுது."

"முழுப் பூசணிக்காயை மறைக்காத." போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது யார் பாட்டில்?"

கரண்ட் படத்தைப் பார்த்தான். போய்த் தன் கருவிப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தான். மஞ்சள் தெரியாத அளவுக்கு அழுக்கேறிய உறை. அதில் தோளில் மாட்டும் வார் இல்லை.

"மறந்துட்டீங்களா? நான் என்ன ஸ்கூல் பையனா, தோள்ல மாட்டிக்கிறதுக்குன்னு வார் வேண்டாம்னேன். அண்ணனுக்குத்தான் வார் வச்சு தைச்சீங்க, லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது ரெண்டு கையும் வேணும்னு."

ஜன்னலம்மா படத்தை விரலால் பெரிதாக்கினாள். திட்டின் ஓரத்திலிருந்து மஞ்சள் வார் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் போட்ட இரட்டைத் தையல்கூடத் தெரிந்தது.

"உங்க அண்ணன் இங்க எதுக்கு வந்தார்?"

கரண்ட் ஏணியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"அதை அண்ணன்கிட்டயே கேளுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

"அப்ப உனக்குத் தெரியும்."

"வீட்டை மட்டும் விட்டுடாதீங்க அண்ணி. அண்ணனுக்கு அது வேணும். உங்களைவிட அவருக்குத்தான் வேணும்."

என்ன பேச்சு இது? விட்டுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவருக்கா வீடு வேண்டும்? அவள் ஜன்னல் பக்கம் போனாள். திட்டு முழுக்க வெள்ளைத் தூசி படிந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குத் துடைத்து வைத்தாற்போல் வழவழவென்று இருந்தது. இங்கேதான் உட்கார்ந்து பேரம் பேசியிருக்கிறார்கள். அவளுடைய ஜன்னலில், அவளுக்கென்று கட்டிய திட்டில் உட்கார்ந்து, அவளுடைய வீட்டை விற்றிருக்கிறார்கள்.

அழுகை வந்தது. கொழுந்தன் எதிரில் அழ மனசில்லாமல் விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

*

சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்தபோது, தடித்த கருநீலத் துணி அறை முழுக்க விரிந்து கிடந்தது.

"முனையைப் பிடிங்க" என்றாள்.

இது அவர்கள் வீட்டு வழக்கம். நீளத் திரை வெட்டும்போது ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையிலிருந்து அவள் அளந்துகொண்டே வருவாள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் நாட்களிலும் இதை மட்டும் அவர் மறுத்ததில்லை. இப்போதும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து முனையைப் பிடித்தார். சட்டைக் கையில் அதே வெள்ளைத் தூசி.

"மேனேஜருக்குப் போன் பண்ணிட்டியா?"

"இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. பெரிய ஜன்னல்."

"யாரோடது?"

"புது கஸ்டமர். வெளிச்சமே வரக்கூடாதாம்."

"எவ்வளவு அகலம்?"

"ஏழே கால். தரையைத் தொடுது. கீழ ஒரு திட்டு இருக்கு. திட்டு மேல ஒரு தண்ணி பாட்டில் இருக்கு."

துணி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவர் முனையை விட்டது இதுதான் முதல் தடவை.

"எவ்வளவுக்குப் பேசினீங்க?" என்றாள். சத்தமாகக் கேட்க நினைத்திருந்தாள். குரல் உடைந்துதான் வந்தது.

"பேசினேனா? யார்கிட்ட?"

"வீடு பார்க்க வந்தவங்ககிட்ட. நீங்க அங்க இருந்தீங்க. இல்லைன்னு சொல்லாதீங்க."

"இருந்தேன்." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "மேனேஜர் அவங்களைக் கூட்டிட்டு வர்ற சத்தம் கேட்டதும் போய் பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டேன்."

"நம்ம வீட்டு பாத்ரூம்லயா?"

"நம்ம வீட்டு பாத்ரூம்லதான். அங்க நின்னு எல்லாத்தையும் கேட்டேன். 'இப்ப இருக்கிறவங்க சின்ன ஆளுங்க, விலையை ஏத்தினா தன்னால ஓடிடுவாங்க'ன்னு அவன் சொன்னான். எனக்குப் போன மாசமே தெரியும்."

"தெரிஞ்சும் வெளிய வந்து அவன் சட்டையைப் பிடிக்கலையா? என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையா?"

"வேலை நாள்ல, பட்டப்பகல்ல, உனக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். என்ன வேலை?"

லிஃப்ட்காரர் தரையில் கிடந்த துணியின் முனையைக் குனிந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"வேலை இல்லை. கம்பெனியை வேற ஆள் வாங்கிட்டான். பழைய ஆளுங்க எல்லாரையும் நிறுத்திட்டாங்க. நீ டப்பா கட்டிக் கொடுக்கிற. அதை எடுத்துட்டு எங்கயாவது போகணும்ல? பார்க்ல உட்கார்ந்தா தெரிஞ்சவங்க பார்ப்பாங்க. வாட்ச்மேன் நம்ம வீடுதானேன்னு உள்ள விடுவான். உன் ஜன்னல்லதான் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரிதான், நல்ல வெளிச்சம். சாயங்காலம் வரைக்கும் வருது."

ஜன்னலம்மா துணி மேலேயே உட்கார்ந்தாள். ஒரு மாசமாக இந்த மனுஷன் மேல் எத்தனை சந்தேகம் தைத்து வைத்திருந்தாள்! அத்தனையும் பிரிந்துபோனது. ஆனால் நிம்மதி வரவில்லை. தன்னிடம் சொல்ல முடியாமல் இவர் காலி வீட்டில், தனியாக, டப்பாவைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார். அதை நினைத்தால் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது.

"கரண்டுக்கு மட்டும் தெரியலாமா?"

"நானா போய்ச் சொல்லலை. நாலு நாள் முன்னாடி வேலைக்கு வந்தவன் பார்த்துட்டான். ஒயரிங் முடியற வரைக்கும் மாடியில இரு அண்ணான்னு சொல்லிட்டான். எதுக்கு வந்தேன்னு கேட்டான், சொன்னதும் அழுதுட்டான்."

"சம்பளம்னு கொடுத்தீங்களே?"

"கணக்கு முடிச்சுக் கொடுத்த பணம். அதுவும் தீரப் போகுது. மாசா மாசம் லோன் கட்ட நான் எங்க போவேன்? அதான் விட்டுடலாம்னேன்."

அவள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேனேஜர்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க? கெடு முடியப் போகுது."

"பண்ணிட்டோம். புது விலைக்குக் கையெழுத்தும் போட மாட்டோம், வீட்டையும் விட மாட்டோம். எழுதின விலை எதுவோ அதுதான்."

"அப்படிச் சொன்னா எப்படிம்மா? கம்பி, சிமெண்ட்…"

"ஹால் ஜன்னலுக்குத் தடிமனா ஸ்க்ரீன் வேணும்னு ஒரு அம்மா வந்தாங்க. போன மாசமே வீட்டைப் பேசி முடிச்சாச்சாம். அந்தத் துணியைத்தான் இப்ப வெட்டிட்டு இருக்கேன். அவங்களையும் உங்க ஆபீஸுக்கே கூட்டிட்டு வரட்டுமா? எல்லாருமா உட்கார்ந்து கம்பி விலையைப் பேசலாம்."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து நின்று மனைவியைப் பார்த்தார். ஒரு மாசத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். மறுபடி பேசியபோது குரலில் அந்தப் பழைய தேன் திரும்பியிருந்தது.

"சரிம்மா. உங்க இஷ்டம். பழைய விலைக்கே போவோம். மீதிப் பணம் பேங்க்ல இருந்துதானே வரணும்? நாளைக்குக் காலையிலேயே பேங்க் ஆளை அனுப்பிடறேன், சார் வேலை செய்யற இடத்துக்கே. ஒரு சின்ன சரிபார்ப்பு, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "சார் இன்னும் அதே கம்பெனியிலதானே இருக்கார்?"

கேட்ட விதத்திலேயே பதில் தெரிந்து கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஆமாம்" என்றாள். காலையிலிருந்து ஊரெல்லாம் பொய்யைத் தேடி அலைந்தவள், அன்றைய பொய்யைத் தன் வாயாலேயே சொன்னாள். "அங்கதான் இருக்கார். வரச் சொல்லுங்க."

போனை வைத்ததும் கேட்டாள். "உங்க வேலை போனது கரண்டைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் இல்லை. வாட்ச்மேன்கூட நான் லீவ்னு நினைச்சிட்டிருக்கான்."

மாடிப்படியில் திடுதிடுவென்று காலடிச் சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவது அந்தக் குடும்பத்தில் ஒரே ஒருவன்தான்.

"அண்ணி! கதவைத் திறங்க, நல்ல சேதி!"

லிஃப்ட்காரர் தாழ்ப்பாளை நோக்கி நகர்ந்தார். ஜன்னலம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.